ததிங்கிணதோமும் பதின்மூன்றாம் வாய்ப்பாடும்

 இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் ஹாம்பர்க்கிலிருந்து ஒரு போன் வந்தது. 1988-ல் என்னிடம் நாலாம் வகுப்பு படித்த பையன். இப்போது அவனுக்கே நாலாம் வகுப்பு படிக்கிற மகன் இருக்கிறான். பேர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவனும் மனைவியும் அங்கே டாங்கோ நடன வகுப்புக்குப் போகிறார்களாம். "டீச்சர், ஆறு மாசமா எட்டு ஸ்டெப் மனப்பாடம் பண்ணினேன். வகுப்புல நல்லா வந்துச்சு. ஒரு சனிக்கிழமை பொதுவா எல்லாரும் ஆடுற இடத்துக்குப் போனோம். அஞ்சாவது ஸ்டெப் வைக்கப் போறேன், அந்த இடத்துல இன்னொரு ஜோடி நிக்குது. அவ்வளவுதான், அடுத்து என்னன்னு தெரியல. மறுபடி ஒண்ணுலேர்ந்துதான் ஆரம்பிக்க முடிஞ்சுது" என்றான். இப்போது வேறு ஒரு ஆசிரியரிடம் போகிறார்களாம். அவர் ஸ்டெப் எதையும் சொல்லித் தருவதில்லை. எடை எந்தக் காலில் இருக்கிறது, அந்த நிலையிலிருந்து எந்தத் திசைகளில் போக முடியும் என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பாராம். கடைசியாக ஒரு கேள்வி கேட்டான். "நீங்களும் எங்களுக்கு வாய்ப்பாட்டை மனப்பாடமாத்தானே சொல்லிக் குடுத்தீங்க டீச்சர்? அது தப்பா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவனுக்கு எழுத ஆரம்பித்த பதில்தான் இப்படி நீண்டுபோனது.

டாங்கோ என்பது தென் அமெரிக்காவில் புவனோஸ் அய்ரஸ், மான்டிவிடியோ ஆகிய துறைமுக நகரங்களில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவான ஜோடி நடனம். அர்ஜென்டினாவும் உருகுவேயும் சேர்ந்து கேட்டு, யுனெஸ்கோ 2009-ல் அதை உலக மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அது மேடைக்காகப் பிறந்ததில்லை. கூடத்தில் இருபது ஜோடி ஒரே நேரத்தில் சுற்றிச் சுற்றி ஆடும். முன்பின் தெரியாதவரோடும் ஆடுவார்கள். பாட்டு எதுவென்று முன்கூட்டித் தெரியாது. எதிரே யார் வந்து நிற்பார் என்றும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு அடியையும் அந்தந்தக் கணத்தில்தான் தீர்மானிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று எட்டு அடிகள் கொண்ட ஒரு பாடத்தை வைத்தார்கள். நாளாவட்டத்தில் பலருக்கு அந்தப் பாடமே நடனம் என்று ஆகிவிட்டது. 1990-களில் குஸ்தாவோ நவேரா, ஃபாபியான் சாலஸ் என்ற இரண்டு ஆட்டக்காரர்கள் புவனோஸ் அய்ரஸில் உட்கார்ந்து இந்த நடனத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். ஓர் அடி முன்னால் போகலாம், பக்கவாட்டில் போகலாம், பின்னால் போகலாம்; இவற்றை எந்த இடத்தில் எதோடு சேர்க்க முடியும் என்று கணக்குப் போட்டார்கள். நம் பையனுடைய புது ஆசிரியர் செய்வது அந்த வழியில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் எனக்கு ஹாம்பர்க் ஞாபகத்துக்கு வரவில்லை. ஹரித்ராநதி மேல்கரைப் பக்கம் ஒரு சந்தில் இருந்த ஓட்டு வீடுதான் ஞாபகம் வந்தது.

1970 வாக்கில் எனக்குப் பத்து வயது. அந்த வீட்டில் வயதான நட்டுவனார் ஒருவர் இருந்தார். நாங்கள் தாத்தா என்போம். நாலைந்து பெண்கள் அவரிடம் வந்து கற்றுக்கொண்டார்கள். எனக்கும் ஆசை. அப்பா ஒரே வார்த்தையில், "நம்ம வீட்டுப் பொண்ணுக்கு அதெல்லாம் எதுக்கு" என்று முடித்துவிட்டார். அதனால் நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கற்றுக்கொண்டவள். தாத்தா முன்னால் ஒரு மரக்கட்டை, கையில் தட்டுக்கழி. அந்தப் பெண்கள் அரைமண்டியில் உட்கார்ந்து "தெய்யா தெய், தெய்யா தெய்" என்று தட்டிக்கொண்டே இருப்பார்கள். மாதக்கணக்கில் இதேதான். ஒரு பாட்டு கிடையாது, அபிநயம் கிடையாது. முதல் காலத்தில் ஒரு தட்டுக்கு ஓர் அடி, இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. எனக்கே அலுத்துப்போகும்.

இந்த அடிகளுக்குத்தான் அடவு என்று பெயர். தட்டடவு, நாட்டடவு, குதித்துமெட்டு, தட்டிமெட்டு, சறுக்கல், மண்டி அடவு, தீர்மான அடவு என்று குடும்பம் குடும்பமாக இருக்கிறது. எத்தனை அடவு என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சொற்கட்டு உண்டு. சொல்லைக் கேட்டதுமே கால் எதுவென்று தெரிந்துவிடும். அடவு என்பது ஒரு துண்டு. அதற்குத் தனியாக அர்த்தம் எதுவும் கிடையாது. நாலைந்து அடவுகளைத் தாளத்துக்குள் சேர்த்துக் கட்டினால் கோர்வை.

ஒரு நாள் தாத்தா தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஆதி தாளம், ஓர் ஆவர்த்தம். எட்டு தட்டு, தட்டுக்கு நாலு, ஆக முப்பத்திரண்டு. கடைசில ததிங்கிணதோம் மூணு தடவை வரணும். வந்து சமத்துல இறங்கணும். எங்கே எடுப்பே?" பெண்கள் முழித்தார்கள். நான் ஜன்னலிலிருந்து, "பதினேழு விட்டுட்டு" என்று கத்திவிட்டேன். ததிங்கிணதோம் என்பது ஐந்து. மூன்று தடவை பதினைந்து. முப்பத்திரண்டில் பதினைந்து போனால் பதினேழு. தாத்தா திரும்பிப் பார்த்தார். "நடுவுல ரெண்டு ரெண்டு இடம் விட்டா?" என்றார். இடைவெளி நான்கு சேர்ந்து பத்தொன்பது, மிச்சம் பதின்மூன்று. சொன்னேன். "ஐயர் கடைக்குப் போயி மிட்டாய் வாங்கிக்க" என்று ஐந்து பைசா கொடுத்தார். என் வாழ்க்கையில் கணக்குக்காக வாங்கிய முதல் பரிசு அதுதான். அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

அந்தப் பெண்கள் அலுக்க அலுக்கத் தட்டியது இந்தக் கேள்விக்காகத்தான் என்று வெகுகாலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. கால் யோசிக்காமல் அடவைப் போட்டால்தான் தலை கணக்கைப் பார்க்க முடியும். மன்னார்குடிக்காரர்களுக்கு இது பரம்பரைச் சொத்து. கொன்னக்கோல் என்று வாயாலேயே தாளச் சொற்களைச் சொல்லும் கலையைக் கச்சேரி மேடையில் பிரபலமாக்கிய பக்கிரியா பிள்ளை நம் ஊர்க்காரர். அந்தக் கலைக்கும் அடிப்படை ஐந்தே சொற்கள்தான். தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு, தகதிமிதகதகிட ஒன்பது. உற்றுப் பார்த்தால் ஐந்தும் ஏழும் ஒன்பதும்கூடச் சின்னத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டியவைதான். இவற்றை வைத்துக்கொண்டு எந்த எண்ணையும் கட்டலாம்.

கணக்கு டீச்சர் பேச்சு கணக்கிலேயே போகிறது என்று சிரிக்காதீர்கள். சரித்திரத்துக்கு வருகிறேன்.

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழன், சுற்று வட்டாரக் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியமர்த்தினான். ஒவ்வொருவர் பெயரும், எந்தக் கோயிலிலிருந்து வந்தார் என்பதும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் கல்வெட்டில் இருக்கிறது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவனார்களுக்கும் பங்கு உண்டு. அதே கோயிலில் விமானத்தின் மேல்தளத்தில், கருவறையைச் சுற்றிய நடையில், பரத சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்களை வரிசையாகச் செதுக்க ஆரம்பித்தார்கள். 81 முடிந்தது. மிச்சத்துக்கு ஒதுக்கிய கல் வெறுமையாக நிற்கிறது. பார்வையாளர்களை அங்கே விடுவதில்லை; படங்களில்தான் பார்த்திருக்கிறேன். இந்தச் சிற்பங்களைப் பார்த்த பலர் கரணம் என்றால் ஒரு நிலை, ஒரு போஸ் என்று நினைத்துக்கொண்டார்கள். பத்மா சுப்ரமண்யம் அதை முனைவர் பட்டத்துக்கு எடுத்து ஆராய்ந்து, கரணம் என்பது ஓர் அசைவு. கையும் காலும் சேர்ந்து இயங்குவது. சிற்பி அதில் ஒரு கணத்தைத்தான் பிடித்திருக்கிறான் என்று ஆடிக் காட்டினார். கல்லில் இருப்பதை அப்படியே காப்பியடித்தால் நின்றுகொண்டே இருக்கலாமே தவிர ஆட முடியாது.

நாயக்கர் காலத்துக்கு வந்தால் நம் ஊர் உள்ளே வருகிறது. தஞ்சையின் கடைசி நாயக்க மன்னர் விஜயராகவர். நம் ராஜகோபாலன் மேல் உயிரையே வைத்திருந்தவர். தன்னை மன்னாரின் தாசன் என்று சொல்லிக்கொண்டவர். மதிலழகுக்குப் பேர்போன நம் பெரிய கோயிலில் பார்க்கிற பல திருப்பணிகள் அவர் காலத்தவை. அவர் சபையில் இருந்த ரங்காஜம்மா என்ற பெண் கவிஞர் 'மன்னாருதாச விலாசமு' என்றே தெலுங்கில் ஒரு யட்சகானம் எழுதினார். க்ஷேத்ரய்யா அந்தச் சபைக்கு வந்து பதங்கள் பாடினார். பதம் என்பது நாலைந்து வரி. அதை மனப்பாடம் செய்ய அரைமணி போதும். ஆனால் ஆடுகிறவள் ஒரே வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாடப் பாட, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அர்த்தம் காட்ட வேண்டும். ஒரு தடவை கோபம், ஒரு தடவை கெஞ்சல், ஒரு தடவை தோழியிடம் கேலி. எத்தனை தடவை என்பதை அன்றைய சபையும் அவள் மனசும்தான் தீர்மானிக்கும். இந்தக் கலையைத்தான் மனோதர்மம் என்றார்கள். நம் பையன் ஹாம்பர்க்கில் தேடுவதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

அடுத்தது தஞ்சை நால்வர். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. சுப்பராய நட்டுவனாரின் பிள்ளைகள். முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை கற்றவர்கள். இரண்டாம் சரபோஜி காலத்துத் தஞ்சை அரண்மனையில் இருந்தார்கள். பிறகு சின்னையா மைசூருக்குப் போனார். வடிவேலு திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் சபைக்குப் போய், தந்தத்தில் செய்த வயலினைப் பரிசாக வாங்கினார். அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று எல்லா அரங்கேற்ற அழைப்பிதழிலும் அச்சடிக்கிற வரிசை இருக்கிறதே, அதை ஒழுங்கு செய்தவர்கள் என்று இவர்களைத்தான் சொல்கிறோம். இந்த உருப்படிகள் தனித்தனியாக அதற்கு முன்பும் இருந்தன. வரிசையாகக் கோத்து, பாடமாக ஆக்கியது நால்வர்.

பாடமாக ஆக்குவதில் ஒரு லாபமும் உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. ஆசிரியராக இருந்தவர்களுக்கு இது தெரியும். பாடத்திட்டம் இருந்தால் கலை அடுத்த ஊருக்கு, அடுத்த தலைமுறைக்குப் போகும். அதே பாடத்திட்டம் 'எத்தனை பாடம் முடிந்தது' என்ற கேள்வியையும் கூடவே கொண்டுவரும்.

நால்வர் காலத்தில் அந்தக் கேள்வி எழவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காரணம், அந்தக் குழந்தை வளர்ந்த வீடு. பாட்டி ஆடியிருப்பாள், அம்மா பாடுவாள், மாமன் மிருதங்கம் வாசிப்பார். கோயிலில் திருவிழா ராத்திரிகளில் நாகஸ்வரக்காரர் ஒரே ராகத்தை வீதி வீதியாக வாசித்துப் போவதைக் கேட்டே தூங்கும். நட்டுவனார் தட்டுக்கழியோடு சொல்லிக் கொடுத்தது அடவை மட்டும்தான். அதைக் கட்டுகிற விதம் காற்றில் இருந்தது.

இந்த இடத்தில் திண்ணைப் பள்ளிக்கூடத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் என் தரப்பு வாதம் முழுமையாகாது. வெள்ளைக்காரன் பள்ளிக்கூடம் வருவதற்கு முன் நம் டெல்டாவில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். நெல்லிலக்கம், பொன்னிலக்கம் எல்லாம் ராகம் போட்டுச் சொல்வார்கள். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, மா இருபதில் ஒன்று. ஏழு வயசுப் பிள்ளைக்கு இந்தப் பின்னங்கள் எப்படிப் புரிந்திருக்கும் என்று பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் கேலியாகப் பேசுவார்கள். நானும் நம்பினேன். ஆனால் அந்தப் பிள்ளை சாயங்காலம் களத்துமேட்டுக்குப் போகும். அங்கே மரக்காலால் அளந்து அளந்து போடுவார்கள். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அளக்கிறவர் பாதியில் நின்றுவிட்டால், மிச்சம் எத்தனை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். மனப்பாடம் காலையில், கட்டுவது சாயங்காலம். களத்துமேட்டை எடுத்துவிட்டு எண்சுவடியை மட்டும் வைத்துக்கொண்டால் அது கிளிப்பிள்ளைப் பாடம்தான்.

பரதத்துக்கும் அப்படி ஒரு களத்துமேடு இருந்தது. அது போனதுதான் அடுத்த கதை.

கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி 1920-களின் கடைசியிலிருந்து சட்டசபையில் போராடினார். வெளியே, திருவாரூரில் பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே வந்து, அதன் கொடுமைகளை 1936-ல் நாவலாகவே எழுதினார். 1947-ல் சட்டம் வந்தது. வந்திருக்கவே வேண்டிய சட்டம்தான். அந்தப் பெண்கள் பட்டதை நினைத்தால், கலை போய்விட்டதே என்று அங்கலாய்க்க எனக்கு வாய் வராது. அதே சமயம், அந்த வீடுகளில் இருந்த அறிவுக்கு யாரும் மாற்று ஏற்பாடு செய்யவில்லை என்பதும் நிஜம். நம் மேல்கரைத் தாத்தாவின் பிள்ளைகள் ஒருவர்கூட இந்த வேலைக்கு வரவில்லை. ஒருவர் மின்வாரியத்துக்குப் போனார், ஒருவர் திருப்பூருக்கு. தாத்தாவே அதைத்தான் விரும்பினார் என்று பிற்பாடு அவர் மருமகள் என்னிடம் சொன்னாள்.

இதற்கிடையில் சென்னையில் கலை வேறு கைகளுக்குப் போனது. மியூசிக் அகாடமி 1931-ல் கல்யாணி மகள்கள் என்று அறியப்பட்ட சகோதரிகளை மேடையேற்றியது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றவர்கள் அவர்கள். அவரிடமே ருக்மணி தேவி கற்று, 1935-ல் அடையாறு தியாசபிகல் சொசைட்டியில் ஆடினார். 1936-ல் கலாக்ஷேத்ரா. இங்கே ஒரு நியாயம் பேச வேண்டும். 'கலாக்ஷேத்ரா வந்துதான் எல்லாம் மனப்பாடமாயிற்று' என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடவுகளை வகைப்படுத்தி, தட்டடவு எட்டு, நாட்டடவு எட்டு என்று வரிசை வைத்து, அரைமண்டி சரியாக வராமல் மேலே போகாதே என்று கண்டிப்பாக நின்ற இடம் அது. ஆனால் ருக்மணி தேவிக்கு நாட்டிய நாடகம் போட வேண்டியிருந்தது. 1944-ல் குற்றாலக் குறவஞ்சியில் தொடங்கி வரிசையாகப் போட்டார். மேடையில் பத்துப் பேர் சேர்ந்து ஆடும்போது ஒருத்தி தன் இஷ்டத்துக்கு ஓர் அடி போட்டால் மற்றவள் மேல் மோத வேண்டியதுதான். அங்கே எல்லாம் முன்கூட்டியே கட்டிவைத்ததாகத்தான் இருக்க முடியும்.

இன்னொரு பக்கம் பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேத்தி. நால்வர் வழியில் வந்த கந்தப்பா பிள்ளையிடம் கற்று, 1925-ல் ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். கந்தப்பா பிள்ளையின் கண்டிப்பு பேர்போனது; அடவில் ஓர் அணு பிசகக் கூடாது. ஆனால் அபிநயத்துக்கு வந்ததும் அவரை அவிழ்த்துவிட்டார்கள். மயிலாப்பூர் கௌரி அம்மாளைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தார். வேதாந்தம் லட்சுமிநாராயண சாஸ்திரி, ஒரே வரிக்கு அந்த நேரத்தில் புதிது புதிதாகக் கற்பனை செய்வதில் அவரைப் பழக்கினார். அவர் பாடிக்கொண்டே ஆடுவார். ஒரே பதம் இரண்டு நாள் ஒரே மாதிரி இருக்காது என்று பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1973-ல் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது. இசைக்காரர்களுக்குத் தருகிற பட்டத்தை ஆடுகிறவருக்குத் தந்தார்கள். அது பொருத்தம்தான் என்று எனக்குத் தோன்றும்; ராகம் பாடுவது மாதிரி ஆடியவர் அவர்.

கவனியுங்கள், இரண்டு பேருக்கும் வேர் ஒன்றே, தஞ்சை நட்டுவனார்கள்தான். இரண்டு பேருமே அடவை உடம்பில் ஊறும்வரை தட்டியவர்கள்தான். மனப்பாடம் வேண்டாம் என்று இருவருமே சொல்லவில்லை. எதை மனப்பாடம் செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. துண்டை மனப்பாடம் செய்தால் கட்டலாம். கட்டிடத்தையே மனப்பாடம் செய்தால் ஒரு செங்கல் நகர்ந்தாலும் எல்லாம் இடிந்துவிடும்.

அப்படி இடிந்ததைச் சென்ற வருஷம் நேரில் பார்த்தேன். என் பேத்திக்குப் பதினொரு வயது. அவள் படிக்கும் நடனப் பள்ளியின் ஆண்டுவிழா. எந்த ஊர், எந்தப் பள்ளி என்பதெல்லாம் வேண்டாம். மூன்று வருஷத்தில் ஐந்து உருப்படி முடித்திருந்தாள். அவள் அம்மாவுக்குப் பெருமை. அடவு எவ்வளவு நாள் செய்தாய் என்று கேட்டேன். "ரெண்டு மாசம் பாட்டி. அப்புறம் ஜதீஸ்வரத்துக்குப் போயிட்டோம்" என்றாள். நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம் எல்லாம் பதிவு செய்தது, ஸ்பீக்கரில் போகிறது. பாதியில் கால் சலங்கை ஒன்று அவிழ்ந்தது. குழந்தை ஒரு கணம் குனிந்து பார்த்தாள். அவ்வளவுதான். நிமிர்ந்தபோது பாட்டு போய்விட்டது. அடுத்த அடி எது என்று தெரியவில்லை. அப்படியே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஸ்பீக்கர் பாடிக்கொண்டே இருந்தது.

முந்தைய காலமாக இருந்தால் பக்கத்தில் நட்டுவனார் தாளத்தோடு உட்கார்ந்திருப்பார். குழந்தை தடுமாறினால் அதே சொற்கட்டை இன்னொரு தடவை சொல்லி இழுத்துப் பிடிப்பார். மிருதங்கக்காரர் கண்ணாலேயே புரிந்துகொள்வார். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. டேப்புக்குக் கண் கிடையாது. மேளக்காரர்களைக் கூட்டி வரச் செலவாகும் என்பதும் எனக்குத் தெரியும், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் குழந்தை வீட்டுக்கு வந்து, இனிமேல் போக மாட்டேன் என்று அழுதபோது, குற்றம் அவளுடையது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இப்போது ஹாம்பர்க் பையனுக்கு வருகிறேன். உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. எனக்கு நன்றாக இருக்கிறது. நீ பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பிப்பாய். ஆய்வாளர் வந்தால் உன்னைத்தான் எழுப்பிவிடுவேன். ஒரு நாள் அவர், பதின்மூவேழு எவ்வளவு என்று நடுவில் கேட்டார். நீ வாய்க்குள்ளே ஓரொன்றிலிருந்து முணுமுணுத்தாய். அவர் அதற்குள் அடுத்தவனிடம் போய்விட்டார். அவர் போன பிறகு உன் கையில் ஸ்கேலால் அடித்தேன். எனக்கு அன்று வந்தது அவமானம். அடி உனக்குப் பட்டது. டாங்கோவில் ஐந்தாவது அடியில் நின்றுவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன் என்று நீ சொன்னாயே, அப்போது எனக்கு உடனே அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தது தப்பில்லை. பதின்மூன்று என்பது பத்தும் மூன்றும், ஏழு பத்து எழுபது, மூவேழு இருபத்தொன்று, சேர்த்தால் தொண்ணூற்றொன்று என்று கட்டக் காட்டாமல் விட்டது தப்பு. ஜன்னலில் நின்று அதைக் கற்றுக்கொண்டவளே அதை உனக்குச் சொல்லித் தரவில்லை. அடித்ததும் தப்பு.

என் வேலையின் கடைசிக் காலத்தில் செயல்வழிக் கற்றல் வந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில வருஷங்களில் எங்கள் பக்கமும் வந்துவிட்டது. அட்டைகள், மணிகள், பாய் விரித்து உட்கார்ந்து குழந்தைகள் தாங்களே செய்து கற்பது. எனக்கு மிகவும் பிடித்தது. பெருக்கல் என்றால் என்னவென்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியாமல் இருக்காது. ஆனால் வாய்ப்பாடு சொல்வதையே மட்டமாக நினைக்க ஆரம்பித்தோம் பாருங்கள், அங்கே இடறினோம். ஏழெட்டு எவ்வளவு என்றால் ஏழு ஏழு மணியாக எட்டு குவியல் வைத்து எண்ணும். புரிகிறது, சரிதான், ஆனால் வகுத்தலுக்கு வரும்போது மூச்சு வாங்கியது. தட்டடவு தட்டாமல் கோர்வை கட்டச் சொன்ன கதை. கடைசி நாலைந்து வருஷம் நான் மதியம் சாப்பாட்டு மணிக்கு முன் பத்து நிமிஷம் வாய்ப்பாடு சொல்லவைத்தேன். தலைமையாசிரியருக்குத் தெரியும், கண்டுகொள்ளவில்லை.

பேத்தி விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். இரண்டு மாதம் சலங்கையைத் தொடவில்லை. பிறகு கோடை விடுமுறைக்கு மன்னார்குடி வந்தாள். ஒரு சாயங்காலம் தெப்பக்குளக் கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே, தாத்தா என்னிடம் கேட்ட கணக்கை அவளிடம் கேட்டேன். முதலில் முறைத்தாள். பிறகு விரலை மடக்கி எண்ணினாள். பிறகு எழுந்து நின்று காலால் தட்டிப் பார்த்தாள். கடலை விற்கிறவர் உட்பட நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் வேறொரு அம்மாவிடம் சேர்த்துவிட்டோம். அங்கே இன்னும் நாட்டடவுதான் ஓடுகிறது.

நேற்று போன் செய்தாள். "பாட்டி, முப்பத்திரண்டுல ஏழு மூணு தடவை வந்தா எங்கே எடுக்கணும்?"

"பதினொண்ணு விட்டுட்டு."

"இல்ல பாட்டி, நடுவுல ரெண்டு ரெண்டு விடணும்னு மிஸ் சொன்னாங்க."

"அதை முதல்ல சொல்ல வேண்டாமா?" என்று நான் கணக்குப் போடுவதற்குள் அவளே, "ஏழு!" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.